பழைய துறைகளில் இராத்தங்கல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரே வகுப்பில் படித்த நாங்கள் நால்வர் துருக்கியின் தென்மேற்குக் கரையோரமாகப் பாய்மரப் படகொன்றில் பயணம் செய்தோம். அதைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று எங்களுக்குள் நீண்ட நேரம் கதைத்தோம். கடைசியில் ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பகலில் பாய் விரித்து ஓடுவதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்தது இரவைப் பற்றி. பொழுது பட்டதும் படகை எங்கே நிறுத்துவது, அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் யார் என்பதே எங்கள் பொருள்.

அந்தக் கரையில் இராத்தங்கலுக்கு நல்லதென்று மாலுமிகள் சொல்லும் குடாக்கள் பலவற்றில் ஒரு பழைய நகரத்தின் இடிபாடு இருக்கிறது. முதலில் இதைத் தற்செயல் என்று நினைப்பீர்கள். அது தற்செயல் அல்ல. நாங்கள் எதைத் தேடி அங்கே போனோமோ, அதையே தேடித்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் ஆட்கள் போனார்கள்.

இரவில் படகை நிறுத்த நான்கு விடயங்கள் வேண்டும். முதலாவது, காற்றுக்கும் அலைக்கும் மறைவு. இரண்டாவது, நங்கூரம் பிடிக்கக்கூடிய அடித்தளம். சேறும் மணலும் நல்லவை. வெறும் பாறை பிடிக்காது, அல்லது பிடித்தால் விடாது. மூன்றாவது, அளவான ஆழம். நான்காவது, படகு சுற்றிவர இடம். நங்கூரத்தில் நிற்கும் படகு ஒரே இடத்தில் நிற்பதில்லை. காற்று திரும்பத் திரும்ப, முளையில் கட்டிய மாடு போல அதுவும் சுற்றிவரும்.

ஆழம் 6 மீற்றர், படகின் அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 மீற்றர். அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். அது 35 மீற்றர். நங்கூரம் தன் பாரத்தால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. சங்கிலி கிடையாகக் கிடந்து இழுக்கும்போதுதான் நங்கூரத்தின் அலகு மண்ணுக்குள் புதையும். சங்கிலி குறைந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரத்தைக் கிளப்பிவிடும். 12 மீற்றர் நீளப் படகென்றால் அதையும் சேர்த்து 47 மீற்றர் ஆரையில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் பாறையோ, கரையோ, இன்னொரு படகோ இருக்கக் கூடாது. கேத்திரகணித பாடத்தில் வட்டம் வரையச் சொல்லித் தந்த எங்கள் ரீச்சருக்கு இது தெரிந்தால் மகிழ்ந்திருப்பார்.

கினிடோஸ் டாட்சா தீபகற்பத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. முன்பு தனித்தீவாக இருந்த ஒரு நிலத்துண்டைக் கரையோடு இணைத்து, இரண்டு பக்கமும் இரண்டு துறைமுகங்களை அமைத்தார்கள். தென்கிழக்கில் பெரியது வணிகக் கப்பல்களுக்கு. வடமேற்கில் சிறியது போர்க்கப்பல்களுக்கு. சிறிய துறையை அடைக்க முடியும் என்றும், அதில் 20 கப்பல்கள் நிற்கலாம் என்றும் கிரேக்க புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இன்று படகுகள் நிற்பது பெரிய துறையில். பழைய அலைதடுப்புக் கற்களைக் கடந்து உள்ளே வந்தால் எதிரே கல்லிருக்கைகளோடு ஓர் அரங்கு. அதன் படிகள் கடலைப் பார்த்தபடி ஏறுகின்றன. மேடையில் நடப்பதையும் துறைக்குள் நுழையும் கப்பலையும் மக்கள் ஒரே இருக்கையிலிருந்து பார்த்திருப்பார்கள்.

கோடையில் அங்கே மெல்தெமி என்ற வடமேற்குக் காற்று வீசும். எங்கள் சோழகம் போல, வந்தால் நாட்கணக்காக நிற்கும். முனையில் அதன் வேகம் இன்னும் கூடும். பைபிள் படித்தவர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், கைதியாக ரோமுக்குப் போகும் பவுல் ஏறிய கப்பல் மிகுந்த வருத்தத்தோடு வந்து எட்டும் கினீதுபட்டணம் இதுதான். காற்று விடாததால் கப்பல் கிரேத்தா பக்கமாகத் திரும்பியது. அதன் பிறகுதான் பெரும்புயலும் கப்பற்சேதமும். விடுதிச்சாலையில் மாலை ஆராதனையில் வாசிக்கக் கேட்டபோது அது எங்களுக்கு ஒரு கதை. அந்த முனையில் பாய் படபடக்க நின்றபோது, அந்த அதிகாரத்தை எழுதியவர் கடலை அறிந்தவர் என்று விளங்கியது.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. இருட்டில் கரை கிட்டுகிறது என்று உணர்ந்த மாலுமிகள் விழுது விட்டு ஆழம் பார்க்கிறார்கள். 20 பாகம். சற்றுத் தள்ளி மீண்டும் பார்க்கிறார்கள். 15 பாகம். பாறையில் மோதாதிருக்கப் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டுப் பொழுது எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். தமிழ் பைபிளில் வரும் அந்தப் ‘பாகம்’ எங்கள் கரையோர ஊர்களில் மீனவர்கள் ஆழம் சொல்லும் அதே பாகம்தான்.

கினிடோஸ் துறையின் அடியில் சாதாழை பரந்து கிடக்கிறது. மத்தியதரைக் கடலுக்கே உரிய பொசிடோனியா என்ற கடற்புல்லை அக்கரைகளில் அடிக்கடி காணலாம். அது பாசி அல்ல; பூக்கும் தாவரம். மீன்குஞ்சுகளுக்கு அது வீடு, மணலுக்கு அது கட்டு. கிடையாக ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர்தான் பரவும். ஒரு நங்கூரம் ஓர் இரவில் கிழித்த இடம் மூடப் பல்லாண்டுகள் வேண்டும். நங்கூரத்துக்கும் அது நல்லதல்ல. புல்லில் சிக்கிப் பிடித்ததுபோல் காட்டி நடுச்சாமத்தில் இழுபடும். ஆகவே தெளிந்த நீரில் இருண்ட திட்டுகளை விலக்கி, வெளிறிய மணல் திட்டைப் பார்த்துப் போட வேண்டும். போட்ட பின் எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் நீந்திப்போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். எங்களில் நன்றாக நீந்துபவர் வலைப்பந்தாட்ட அணியின் பழைய தலைவி. அந்த வேலை ஒவ்வொரு மாலையும் அவருக்கே.

கினிடோஸில் இல்லாததைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரக்ஸிதெலெஸ் செதுக்கிய அப்ரொடைற் சிலையால் அந்நகரம் உலகப் புகழ் பெற்றது. மூலச்சிலை இன்று எங்கும் இல்லை, பிரதிகளே உள்ளன. நகரத்துக்கு அருகே ஒரு முனையில் கடலைப் பார்த்துப் படுத்திருந்த பளிங்குச் சிங்கத்தைச் சார்ள்ஸ் நியூட்டன் 1858இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டனில் இருக்கும் சகோதரிகள் அதைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பெரிய முற்றத்தில் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து வருவோர் காணவென்று வைத்த சிங்கம் இன்று கூரைக்குக் கீழே கிடக்கிறது.

அங்கிருந்து கிழக்கே, ஒலுடெனிஸ் அருகில் கெமிலெர் என்ற சிறிய தீவு. புனித நிக்கொலஸ் தீவு என்றும் சொல்வார்கள். பைசாந்தியக் காலத் தேவாலயங்கள் பலவற்றின் சுவர்கள் சரிவிலே நிற்கின்றன. வளைவுக் கூரையிட்ட ஊர்வலப் பாதையொன்றும் உண்டு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கால்வாய் போன்ற நீரில் படகுகள் தங்கும். ஆனால் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே ஆழம் கூடிவிடும், சுற்றிவரவும் இடமில்லை. எனவே முன்னால் நங்கூரம் போட்டு, பின்புறத்தைக் கரைக்குத் திருப்பி, கயிற்றைக் கொண்டுபோய்ப் பாறையில் கட்ட வேண்டும். பெண்கள் சிறு வள்ளங்களில் வந்து, கல்லிலே சுட்ட மெல்லிய ரொட்டிக்குள் சீஸும் கீரையும் வைத்து விற்பார்கள். நீர்மட்டத்திலேயே பழைய கட்டடங்களின் சுவர்கள் இருப்பதால், கயிறு கட்ட வாகான கல் என்று கண்ணுக்குப் படுவது சில வேளை ஒரு வீட்டின் மூலையாக இருக்கும். அதில் கட்டக் கூடாது. இரவெல்லாம் படகு இழுக்கும் கயிறு 1,500 ஆண்டுச் சாந்தை உதிர்த்துவிடும். இயற்கைப் பாறையைத் தேடி இன்னும் பத்து மீற்றர் நீந்துவதுதான் முறை.

அடுத்தது கெகோவா. லிசியா என்று முற்காலத்தில் வழங்கிய நாட்டின் கரை. நீண்ட ஒடுங்கிய தீவு பெருநிலத்துக்கு முன்னே மதில்போல் கிடந்து அலையைத் தடுக்கிறது. நிலநடுக்கங்களாலும் நிலம் தாழ்ந்ததாலும் தீவின் வடகரையில் இருந்த குடியிருப்பின் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டது. பாறையில் வெட்டிய படிகள் இறங்கி இறங்கிக் கடலுக்குள் மறைகின்றன. பாதிச் சுவர் வெளியே, பாதி உள்ளே. எதிர்க்கரையில் காலேகோய் என்ற ஊர். பழைய பெயர் சிமேனா. அங்கே லிசியரின் கல்லறைப் பெட்டியொன்று, கவிழ்த்த தோணி போன்ற மூடியோடு, ஆழமில்லாத நீரில் தனியே நிற்கிறது.

இப்பகுதி 1990இல் சிறப்புப் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. மூழ்கிய குடியிருப்பின் மேல் நீந்தவோ, முக்குளிக்கவோ, நங்கூரம் போடவோ கூடாது. படகுகள் மெதுவாகக் கடந்துபோகலாம், அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வந்தும் இறங்கவில்லையா என்று கேட்டார்கள். இறங்கவில்லை. மேலிருந்தே படிகள் தெரிந்தன. ஒரு வாசற்படி யாருடையது என்று தெரியாவிட்டாலும், அது வாசற்படிதான். அதன் மேல் இரும்பைப் போடக் கூடாது.

இராத்தங்கலுக்கு உள்ளே ஊச்சாவுஸ் குடாவுக்குப் போனோம். மூன்று வாய்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். நாற்புறமும் நிலம், அடியில் சேறு. நங்கூரம் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பழைய தெய்மியுசா நகரத்தின் கல்லறைப் பெட்டிகள் கரையோரத்தில் நீர்மட்டம் வரை நின்றன. இருட்டியதும் பாய்மர உச்சியில் சுற்றிவரத் தெரியும் வெள்ளை விளக்கை ஏற்றினோம். நங்கூரத்தில் நிற்கிறோம் என்பதற்கு அதுவே சர்வதேச அடையாளம். ஆட்டுமணிச் சத்தம் சரிவிலிருந்து கேட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருவராக விழித்திருந்தோம்.

காவலுக்கு இருப்பவர் செய்ய வேண்டியது எளிது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும் இரண்டு பொருட்களைப் பொழுதுபட முன்னரே குறித்துக்கொள்வோம். காற்று மாறாத வரைக்கும் அவை நேராக இருந்தால் படகு அசையவில்லை. விலகத் தொடங்கினால் நங்கூரம் இழுபடுகிறது. தொலைபேசியிலும் இதற்கு எச்சரிக்கை மணி உண்டு. ஆனாலும் கண் வேண்டும். அன்று நாங்கள் குறித்த இரண்டில் ஒன்று ஊர் விளக்கு, மற்றது குன்றின் மேலிருந்த சிமேனாக் கோட்டையின் விளிம்பு. கோட்டையைக் கட்டியவர்களுக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் அன்றிரவு அவர்கள் கட்டியதைப் பார்த்துத்தான் நாங்கள் நித்திரைக்குப் போனோம்.

எல்லாத் துறையும் நிலைப்பதில்லை. கெகோவாவுக்கு மேற்கே பட்டாரா. பவுல் கப்பல் மாறிய பத்தாரா இதுவே. நீரோ காலத்தில், கி.பி. 64இல் அங்கே ஒரு வெளிச்சவீடு கட்டினார்கள். ஆறு கொண்டுவந்த மண்ணும் காற்று கொண்டுவந்த மணலும் துறைமுகத்தை மூடிவிட்டன. இன்று அங்கே நங்கூரம் போட நீரில்லை. கடலைப் பார்க்க வேண்டிய வெளிச்சவீடு மணலைப் பார்த்தது. கினிடோஸில் நகரம் போனது, துறை இருக்கிறது. பட்டாராவில் துறையும் போய்விட்டது.

காஷ் நகருக்கு அருகே உலுபுருன் முனையில் 1982இல் கடற்பஞ்சு குளிப்பவர் ஒருவர் கடலடியில் விசித்திரமான உலோகத் துண்டுகளைக் கண்டார். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பல் அது. 1984 முதல் 1994 வரை அகழ்ந்து சுமார் 10 தொன் செம்பையும் ஏறத்தாழ 1 தொன் வெள்ளீயத்தையும் எடுத்தார்கள். எங்களைத் தடுத்து நிறுத்தியது இன்னொரு எண்: அதில் 24 கல் நங்கூரங்கள் இருந்தன. சங்கிலியும் அலகும் இல்லாத காலம். ஒன்று போனால் இன்னொன்று என்று ஏற்றிவந்தார்கள். அத்தனை ஆயத்தத்தோடும் அந்த முனை கப்பலைக் கொண்டுபோய்விட்டது. போட்ரம் அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கலாம்.

எங்கள் நாட்டிலும் இதற்கொரு சோடி உண்டு. அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயாவில் 2003இல் சங்கு குளிக்கும் இருவர் ஒரு மரக்கப்பலின் எச்சங்களைக் கண்டார்கள். சுமார் 2,000 ஆண்டுப் பழமையானது. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பற்சேதங்களில் மிகப் பழையது. அங்கேயும் இங்கேயும் முதலில் கண்டவர்கள் கடலடியில் பிழைப்பு நடத்தியவர்களே.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு வரும் அந்நியர் காக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் சேதப்பட்டால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வணிகப் பண்டம் ஏற்றிவந்த கப்பலென்றால் பாதிக்குப் பாதி. ஒரு துறை என்றால் ஆழமும் மறைவும் மட்டுமல்ல. அங்கே வந்து நிற்பவனை எப்படி நடத்துவது என்ற சட்டமும் வேண்டும். அதை எங்கள் மொழியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கல்லில் வெட்டாத அறிவு எங்கே? சகோதரிகளே, நாங்கள் இவ்வளவு நேரம் பேசியது இதைச் சொல்லத்தான். பண்டைய கிரேக்க மாலுமி ஒருவர் மத்தியதரைக் கடலின் துறைகளை வரிசையாக எழுதி வைத்தார். ஒரு துறைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம், எங்கே குடிநீர், எந்தக் காற்றுக்கு எங்கே ஒதுங்கலாம் என்ற விபரம் அது. ஸ்டாடியாஸ்மஸ் என்று அதை அழைக்கிறார்கள். எழுதியவர் பெயர் தெரியாது. ஒரேயொரு கையெழுத்துப் பிரதி மட்டும், அதுவும் குறையாக, மட்ரிட் நகரில் தப்பியிருக்கிறது. அந்த ஒன்று போயிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், சுயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதை ஓட்டிச் சென்றவர்கள் எங்கள் ஊர்த் தண்டையல்களும் மாலுமிகளும். எந்த மாதத்தில் எந்தத் துறையில் நிற்கலாம், வாடைக்கு எங்கே ஒதுங்குவது, கச்சானுக்கு எங்கே, எந்தப் பாரில் நங்கூரம் சிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களின் பேத்திமாரும் பூட்டப்பிள்ளைகளும் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இந்த மலரை வாசிக்கப் போகிறவர்களிலும் இருக்கிறார்கள்.

இடப்பெயர்வுகளில் வீட்டை விட்டு ஓடியபோது கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் படங்களும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது வயது போனவர்களின் ஞாபகம். அம்மம்மாவிடம், பெரியப்பாவிடம், ஊரில் தனியே இருக்கும் மாமாவிடம் கேளுங்கள். துறையின் பெயர், காற்றின் பெயர், கயிறுக்கும் பாய்க்கும் அவர்கள் சொன்ன சொல், ஆழத்தைச் சொன்ன விதம், எதுவாக இருந்தாலும் கேட்டு எழுதுங்கள். தொலைபேசியில் பதிவு செய்தாலும் போதும். சங்கம் இவற்றைச் சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் வைக்குமானால், எழுத்தாக்கும் வேலையை நாங்கள் நால்வரும் ஏற்றுக்கொள்கிறோம்.

ஊருக்கு வரும்போது மாந்தையிலோ ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ பழைய கல்லைக் கண்டால் தயவுசெய்து ஞாபகத்துக்கென்று எடுத்துப் போகாதீர்கள். துருக்கியில் பழம்பொருளை எடுப்பது சட்டப்படி குற்றம், இலங்கையிலும் அப்படித்தான். சட்டத்தை விடுவோம். கல் அதன் இடத்தில் இருந்தால்தான் அடுத்து வருபவருக்கு அது அடையாளம்.

உங்கள் பதிவுகளை எதிர்பார்த்திருக்கிறோம்.